புது ஆம்ப் வாங்கும் முன்பு: உடைந்த ஒலி சொல்லும் வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'செந்தூல் இளைஞர்கள்' என்று தொடங்கினாலே அடுத்து என்ன பேசப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். குண்டர் கும்பல், வேலையின்மை, மதுப்பழக்கம். இவை பேச வேண்டிய விஷயங்கள்தாம். ஆனால் அதே செந்தூலில், மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு எடுத்த சின்னஞ்சிறு பயிற்சி அறைகளில், ஞாயிற்றுக்கிழமை தோறும் வியர்க்க வியர்க்க ராக் இசை வாசித்துப் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே, இன்று நான் எடுத்துக் கொண்டிருக்கும் தலைப்பு அவர்களுடையது: கிட்டார் ஆம்ப்ளிஃபையர். பிள்ளைகள் சுருக்கமாக 'ஆம்ப்' என்பார்கள்.

நிகழ்ச்சிப் பதிவுக்காக செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, டியூப் ஆம்ப் வாங்கலாமா? விலை அதிகமா இருக்கே, அப்படி என்னதான் வித்தியாசம்?" கேட்கும் பையன் மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் பிடித்துச் சேர்ப்பவன். தவணையில் வாங்கினால் ஓராண்டு, இரண்டாண்டு கட்ட வேண்டியிருக்கும். தவறான பெட்டியை வாங்கிவிட்டால் பணமும் போகும், ஆசையும் போகும். இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், விளம்பரம் ஒரு பதில் சொல்லும். வரலாறு சொல்லும் பதில் வேறு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

வால்வு ரேடியோ காலம்

டியூப் என்பதும் வால்வு என்பதும் ஒன்றே. அமெரிக்கர்கள் டியூப் என்றார்கள், ஆங்கிலேயர்கள் வால்வு என்றார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாமும் வால்வு என்றே பழகினோம். நம் தாத்தா வீட்டு ரேடியோவை நினைத்துப் பாருங்கள். மரப்பெட்டி, முன்பக்கம் துணி, சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே ஏதோ மெல்லச் சிவக்கும், சூடேறும், பிறகுதான் குரல் வரும். 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கிய பிறகு நம்மவர்கள் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டது இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். உள்ளே சிவந்து ஒளிர்ந்த அந்தக் கண்ணாடிக் குழாய்தான் வால்வு.

அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் இழை சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டை நோக்கி ஓடுகின்றன. இதை வைத்து 1904இல் இங்கிலாந்தின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906 வாக்கில் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைக்குக் கொடுக்கும் சிறிய மின் அசைவு, தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. வயலில் மடையைச் சிறிது அசைத்தால் வாய்க்கால் தண்ணீர் முழுவதும் அதற்குக் கட்டுப்படுகிறதல்லவா, அப்படித்தான். ஒலியைப் பெருக்கும் கலை அங்கேதான் பிறந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகள் பொறியாளர்கள் ஒரே குறிக்கோளோடு உழைத்தார்கள். உள்ளே போன ஒலி எப்படி இருந்ததோ அப்படியே வெளியே வர வேண்டும். ஒரு சிறு கரகரப்பும் கூடாது. கரகரப்பு என்றால் பழுது. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். ஏனென்றால் ராக் கிட்டாரின் கதை, இந்தப் பழுதின் மேல் மனிதர்கள் காதல் கொண்ட கதை.

ரேடியோ பழுது பார்த்தவர்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சாரக் கிட்டார் கடைக்கு வந்தது. கம்பியின் அதிர்வை ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மின் அசைவாக மாற்றும். அந்த அசைவு மிகச் சிறியது. அதைப் பெருக்க ஒரு பெட்டி வேண்டும். இருந்த பெட்டிகள் எல்லாம் ரேடியோ தொழிலிலிருந்து வந்தவை.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் பழுதாகி வந்த பெட்டிகளைத் திறந்து திறந்து, எது எங்கே அடிக்கடி கெடுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்தார். 1946இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். அவருடைய பெட்டிகள் உறுதியாக இருந்தன, பழுது பார்க்கச் சுலபமாக இருந்தன. 1950களின் இறுதியில் அவர் செய்த 'பேஸ்மேன்' என்ற ஆம்ப், 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கைக் கொண்டது. பேஸ் கிட்டாருக்காகச் செய்தது. சாதாரணக் கிட்டார் வாசிப்பவர்கள் அதை எடுத்துக் கொண்டார்கள். செய்தவர் நினைத்தது ஒன்று, வாசித்தவர்கள் கண்டுபிடித்தது வேறொன்று. இது இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

கிழிந்த தாள், பிறந்த ஓசை

1951இல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு பாடல் பதிவானது. பெயர் 'ராக்கெட் 88'. ஐக் டர்னரின் குழுவினர் வாசித்தார்கள். வழியில் கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் சேதமடைந்து, ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்துவிட்டது. புதிது வாங்க நேரமில்லை. பதிவுக் கூடத்தின் சாம் ஃபிலிப்ஸ் கிழிந்த இடத்தில் தாளைத் திணித்து வாசிக்கச் சொன்னார். வந்தது கரகரப்பு. அதை மறைக்காமல் பாட்டில் முன்னே வைத்தார். இன்று ராக் இசையின் தொடக்கத்தைத் தேடும் ஆய்வாளர்கள் அந்தப் பதிவில் வந்துதான் நிற்கிறார்கள்.

1958இல் லிங்க் ரே, கூம்பில் தாமாகவே ஓட்டை போட்டு 'ரம்பிள்' என்ற பாடலை வாசித்தார். அதில் ஒரு சொல்லும் கிடையாது. வெறும் வாத்திய இசை. அப்படியிருந்தும் சண்டையைத் தூண்டும் என்று சொல்லி அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதை ஒலிபரப்ப மறுத்தன. 1964இல் லண்டனில் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் சவரக் கத்தியால் தம் சிறிய ஆம்பின் கூம்பைக் கீறினார். அந்த ஓசைதான் 'யூ ரியலி காட் மி' பாடலை உலகெங்கும் கொண்டு சென்றது.

இம்மூவரும் பணக்காரர்கள் இல்லை. மூன்று ஆம்ப்களும் விலை உயர்ந்தவை இல்லை. உடைந்ததையும் மலிவானதையும் வைத்துக் கொண்டு, தங்கள் காதுக்குப் பிடித்ததைத் தேடியவர்கள்.

கூம்பைக் கிழிக்காமலும் அந்த ஓசை வரும் என்பதைக் கலைஞர்கள் விரைவில் தெரிந்து கொண்டார்கள். வால்வு ஆம்பின் குமிழைத் திருகிக் கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் அதனால் ஒலியைப் பெருக்க முடியாது. அலையின் உச்சி நசுங்கும். நசுங்கிய அலையில் மூல ஒலியோடு புதிய மேல்சுரங்களும் சேர்ந்து கொள்ளும். ஓசை கனமாகும், நெடுநேரம் நிற்கும், கத்தும், அழும். வால்வில் இந்த நசுங்கல் மெல்ல மெல்ல வருகிறது. மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் கரகரப்பு. நம் நாகஸ்வர வித்துவான் மூச்சை அழுத்தும்போது ஓசையின் உடம்பே மாறுகிறதே, அதுபோல விரலின் அழுத்தம் ஆம்பின் குரலை மாற்றுகிறது. டியூப் ஆம்புக்கு இன்றும் ரசிகர்கள் இருப்பதன் ரகசியம் இதுதான்.

லண்டனில் ஒரு நகல்

லண்டனின் ஹான்வெல் பகுதியில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் ஒரு டிரம் ஆசிரியர். அவர் கடைக்கு வரும் இளைஞர்கள் அமெரிக்க ஆம்ப் வேண்டும் என்பார்கள். இறக்குமதி விலையோ எட்டாத உயரம். கடையில் பழுது பார்த்த கென் பிரான், "நாமே செய்தால் என்ன?" என்றார். ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பயிற்சித் தொழிலாளராக இருந்த டட்லி கிரேவன் என்ற பதின்ம வயது இளைஞரும் சேர்ந்தார். ஃபெண்டரின் பேஸ்மேனைத் திறந்து பார்த்து, இங்கிலாந்தில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு 1962இல் ஓர் ஆம்ப் செய்தார்கள். பெயர் 'ஜே.டி.எம்.45'.

சுற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் மின்மாற்றி வேறு, ஒலிபெருக்கி வேறு, பெட்டி வேறு. ஓசையும் வேறாகிவிட்டது. நகலாகத் தொடங்கியது புதிதாகப் பிறந்தது. 1966இல் எரிக் கிளாப்டன், ஜான் மயாலின் குழுவோடு ஒரு மார்ஷல் ஆம்பைப் பதிவுக் கூடத்துக்கு எடுத்துச் சென்று, மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒலிப்பதிவாளர்கள் முகம் சுளித்தார்கள். அந்த இசைத்தட்டுதான் பிறகு வந்த ராக் கிட்டார் கலைஞர்களுக்குப் பாடநூலானது.

ஒரு கடைக்காரர், ஒரு பழுதுபார்ப்பவர், ஒரு பயிற்சித் தொழிலாளி. இந்த மூவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு செந்தூல்தான் நினைவுக்கு வந்தது.

பட்டறை ஊர்

செந்தூல் யாருடைய கையால் எழுந்த ஊர்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மலாய் மாநில ரயில்வேயின் மத்தியப் பணிமனை இங்கே அமைந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே கொல்லர்களாக, பொருத்துநர்களாக, எழுத்தர்களாக வேலை செய்தார்கள். பட்டறையைச் சுற்றிக் குடியிருப்பும் கோயிலும் தேவாலயமும் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. ஜப்பானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1945 பிப்ரவரியில், அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தப் பணிமனைமீது குண்டு வீசின. போருக்குப் பின் பணிமனை மீண்டும் இயங்கியது. உடைந்ததைச் சரிசெய்து ஓட வைப்பதுதான் பல தலைமுறைகளாக இந்த ஊரின் தொழில்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் 1960களில் இளைஞர்களாக இருந்தபோது இசை உலகம் மாறிக் கொண்டிருந்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்தார்கள். ஷேடோஸின் கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வினின் தெளிவான, மணியான ஓசை வாக்ஸ் என்ற ஆங்கிலேய வால்வு ஆம்பிலிருந்து வந்தது. அதைக் கேட்ட சிங்கப்பூர், மலாயா இளைஞர்கள் ஊருக்கு ஊர் கிட்டார் குழு தொடங்கினார்கள். பீட்டில்ஸ் வந்த பிறகு அந்த அலைக்கு 'பாப் யே யே' என்ற பெயரே ஏற்பட்டது. மலாய்ப் பாடல்கள் மின்சாரக் கிட்டாரோடு இசைத்தட்டில் வெளிவந்தன.

தமிழ்த் திரையிசையும் சும்மா இருக்கவில்லை. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை', 1966இல் வந்த 'அன்பே வா' போன்ற படங்கள் இங்கே திரையிடப்பட்டபோது, மேல்நாட்டு ஆட்ட இசை தமிழிலும் வரும் என்பதை நம் பிள்ளைகள் கேட்டார்கள். பிற்காலத்தில் தமிழ்த் திரையிசையையே மாற்றி எழுதிய இளையராஜா, இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு கிட்டார் வாசித்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் இந்த அலையிலிருந்து எழுந்தவர்கள்தாம் பினாங்கு தந்த 'அல்லிகேட்ஸ்'. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் 1970களில் ஹாங்காங் மேடைகளில் வாசித்துத் தேர்ந்து, பிறகு மலாய்ப் பாடல்களால் இந்நாட்டு மக்கள் எல்லாருடைய மனத்திலும் இடம் பிடித்தார்கள். லோகா 2007 ஜூனில் மறைந்தபோது இனம் பார்க்காமல் ரசிகர்கள் கலங்கினார்கள். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் புகழ்பெற்று 2012இல் மறைந்த பால் பொன்னுதுரையின் விரல் வித்தையைக் கேட்டு வெளிநாட்டுக் கலைஞர்களும் வியந்தார்கள்.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். திருமண விருந்துகளிலும் மன்ற நிகழ்ச்சிகளிலும் வாசித்து, பெயர் பதியாமலே போன கிட்டார் கலைஞர்கள் எத்தனையோ பேர். 'கிட்டாரைத் தூக்கினால் பையன் கெட்டுப் போவான்' என்று சொன்ன வீடுகள் நம்மிடையே நிறைய. அரசாங்கமும் அதற்கு விதிவிலக்கில்லை. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களுக்கு அரசுத் தொலைக்காட்சி கதவை அடைத்தது. 'செர்ச்', 'விங்ஸ்' போன்ற பெரும் குழுவினரே முடியை வெட்டிக் கொள்ள வேண்டியதாயிற்று.

100 வாட் யாருக்காக?

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருகிறேன். கடைக்குப் போனால் 100 வாட் ஆம்ப் கண்ணைப் பறிக்கும். ராக் என்றால் 100 வாட், அதன் கீழே இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் என்ற படம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

1965இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், மார்ஷலிடம் போய் இன்னும் சத்தமான ஆம்ப் வேண்டும் என்றார். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் மேடை ஒலியமைப்பு இன்று இருப்பதுபோல் இல்லை. பாடகரின் மைக்குக்குச் சிறிய ஒலிபெருக்கிதான் இருக்கும். கிட்டார் ஒலி அரங்கின் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமானால் கிட்டார் ஆம்பே அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் 100 வாட். இன்றோ கிட்டார் ஆம்ப் முன் ஒரு மைக்கை வைத்தால் போதும், அரங்கத்தின் ஒலியமைப்பு மற்றதைப் பார்த்துக் கொள்ளும். காரணம் மறைந்துவிட்டது, படம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 100 வாட் என்பது 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். நம் காது அப்படிக் கேட்பதில்லை. வாட் பத்து மடங்கானால் சத்தம் 10 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். வால்வு ஆம்பின் அழகான கரகரப்போ, அதன் சக்தியின் எல்லைக்கு அருகில்தான் முழுமையாக வரும். 100 வாட் ஆம்பை அந்த எல்லைக்குக் கொண்டு போனால் பண்டார் பாரு செந்தூல் அடுக்குமாடியில் கீழிருந்து மேல்வரை எல்லா வீட்டுக் கதவும் திறக்கும்!

செந்தூலில் ஒரு சோதனை

அண்மையில் செந்தூல் பயிற்சி அறை ஒன்றில் இதை நேரில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு குழுவினர் புதிதாக வந்த 15 வாட் டியூப் ஆம்ப் ஒன்றை வாங்கலாமா என்று முயன்று பார்த்தார்கள். உள்ளே வாக்ஸ் ஆம்ப்களில் இருந்த அதே வகை 'ஈ.எல்.84' வால்வுகள் இரண்டு. பக்கத்தில் அறைக்குச் சொந்தமான 100 வாட் டியூப் ஆம்ப். கிட்டார் ஒன்றுதான், வாசித்தவரும் ஒருவர்தான்.

முதலில் பெரிய ஆம்ப். அறைக்குத் தாங்கும் அளவு என்று குமிழை 2இல் வைத்தார்கள். ஒலி தெளிவாக இருந்தது, ஆனால் தூரத்தில் யாரோ வாசிப்பதுபோல் உயிரற்று இருந்தது. பிறகு சிறிய ஆம்பை 7இல் வைத்தார்கள். முதல் மீட்டலிலேயே அறையில் இருந்த எல்லாரும் நிமிர்ந்தோம். மெல்ல மீட்டினால் மணி, ஓங்கினால் முழக்கம். கிட்டாரில் உள்ள குமிழைச் சற்றுக் குறைத்தால் கரகரப்பு தானாக விலகியது. "அண்ணே, இது என் விரலைக் கேக்குது" என்றார் அந்தத் தம்பி. ஐந்தே சொற்களில் டியூப் ஆம்பின் இலக்கணத்தைச் சொல்லிவிட்டார்.

குறையும் இருந்தது. பேஸும் டிரம்மும் முழு வேகத்தில் சேர்ந்தபோது, 15 வாட்டால் தெளிவான ஓசையைத் தனித்து நிறுத்த முடியவில்லை. தெளிந்த ஒலியில் சத்தமாக வாசிக்க விரும்புபவருக்கு அது போதாது. ராக் வாசிக்கும் தம்பிக்கு அதுவே பொருத்தம். ஆகவே, எந்த ஆம்ப் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த இடத்தில், என்ன இசைக்கு என்று கேட்பதே முறை.

புது ஆம்பை முயன்று பார்ப்பவர்களுக்குச் சில ஆலோசனைகள். உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துச் செல்லுங்கள். கடைக் கிட்டாரில் கேட்டது வீட்டில் கேட்காது. ஐந்து நிமிடமாவது சூடேற விடுங்கள். முதலில் எந்தக் கரகரப்பும் இல்லாமல் வாசித்துப் பாருங்கள், பிறகு மெல்லத் திருகுங்கள். ஒலிபெருக்கியை இணைக்காமல் டியூப் ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள். உள்ளிருக்கும் மின்மாற்றி கருகிவிடக்கூடும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப் என்றால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரம் அதன் இரு மடங்கு. முக்கியமாக, பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தேங்கி நிற்கும். அது உயிரை எடுக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மறைந்து திரும்பிய கண்ணாடி

"இந்தக் காலத்திலும் வால்வா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. சிறியது, சூடாவதில்லை, உடைவதில்லை. 1960களிலும் 70களிலும் ரேடியோவும் தொலைக்காட்சியும் அதற்கு மாறின. வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உலகமே கைவிட்ட பொருளைக் கைவிடாதவர்களில் முதன்மையானவர்கள் கிட்டார் கலைஞர்கள். இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இயங்கும் ஒரு சில தொழிற்சாலைகளே உலகின் பெரும்பகுதித் தேவையை நிறைவேற்றி வருகின்றன. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்தபோது வால்வுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. டியூப் ஆம்ப் வாங்குபவர், வால்வு தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று கணினி நிரல் கொண்டு வால்வின் ஓசையை அச்சாகத் தரும் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. எடை குறைவு, காதில் ஹெட்போன் மாட்டி இரவிலும் பழகலாம். பல பெரும் கலைஞர்களே மேடையில் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அடுக்குமாடியில் கைக்குழந்தை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிழிந்த கூம்பில் தாளைத் திணித்தவர்களின் வாரிசுகள் நாம். கிடைத்ததைக் கொண்டு நம் ஓசையைத் தேடுவதுதான் இந்த இசையின் மரபு.

காது ஒன்றுதான்

பெற்றோர்களே, ஒரு சொல் உங்களுக்கும். 100 வாட் கேட்ட பீட் டவுன்ஷெண்ட் பிற்காலத்தில் தம் செவிக் குறைபாட்டையும் ஓயாத காதிரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது மருத்துவக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிறிய பயிற்சி அறையில் டிரம்மோடு வாசிக்கும் குழு அந்த அளவை எளிதில் தாண்டும். சில ரிங்கிட்டில் கிடைக்கும் காதடைப்பானை வாங்கிக் கொடுங்கள். கிட்டாரை எடுக்காதே என்று தடுப்பதைவிட, அதை எடுத்த பிள்ளையின் காதைக் காப்பது நல்லது.

பழைய செந்தூல் ரயில்வே நிலத்தில், 2005இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் திறக்கப்பட்டது. ரயில்வே காலத்துக் கட்டடம் ஒன்றே அரங்கமாகப் புதுப்பிக்கப்பட்டது. இரும்பு அடித்த ஓசை கேட்ட இடத்தில் இன்று இசையும் நாடகமும் கேட்கின்றன. நம் தாத்தாக்கள் வேர்வை சிந்திய மண்ணில் நம் பிள்ளைகள் பார்வையாளர்களாக மட்டும் இருந்துவிடக்கூடாது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பெயர்ப் பலகையைப் பார்த்துக் கடன் வாங்காதீர்கள். உங்கள் அறைக்கும் உங்கள் வருமானத்துக்கும் பொருந்தும் சிறிய ஆம்ப் ஒன்று போதும். அது உங்கள் விரலைக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் தெருவில் அந்தக் காலத்தில் கிட்டார் வாசித்த மாமா யாராவது இருந்தால், அவரிடம் போய் அவர் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். ஃபெண்டரின் கதையும் மார்ஷலின் கதையும் புத்தகமாகிவிட்டன. செந்தூலின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.